நிஜாமுதீன் என்னும் விஞ்ஞானி குறித்து: ஆணையின் கடைசி வரியை மாற்ற வேண்டுதல்

அனுப்புநர்
த. பிரேமலதா, எம்.எஸ்சி., எம்.ஃபில்., பி.எட்.,
வேதியியல் ஆசிரியை (ஓய்வு),
மேலூர் சாலை, ஸ்ரீரங்கம்,
திருச்சிராப்பள்ளி – 620 006.

பெறுநர்
திரு. பி. இளவரசன் அவர்கள்,
பதிவாளர்,
தென்கரைப் பல்கலைக்கழகம்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: நீலமணி மகளிர் கல்லூரி – வேதியியல் துறை – இணைப் பேராசிரியர் முனைவர் கே. ஷஹனாஸ் – மேற்கோள் முறைகேடு குறித்த விசாரணை முடிவுற்றமை – ஆய்வு வழிகாட்டி அங்கீகாரம் திரும்ப வழங்கப்பட்டமைக்கு நன்றி – ஆணையின் இறுதி வரியைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. விளக்கம் கோரிய தங்கள் அலுவலகக் குறிப்பாணை, நாள் 12.06.2025.
2. தங்கள் அலுவலக ஆணை, நாள் 17.11.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. "அம்மா, அந்த நிஜாமுதீனை நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?" என்று சென்ற ஆகஸ்டு மாதம் தங்கள் பல்கலைக்கழகத்தின் விசாரணைக் குழு என்னிடம் கேட்டது. பணிக்காலம் முழுவதும் வகுப்பில் கேள்வி கேட்டே பழகியவள் நான். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்கும்போது கொஞ்சம் பதற்றம் வரத்தான் செய்கிறது. ஆனாலும் இது எளிய கேள்வியாகப் பட்டதால், "பார்த்திருக்கேன் சார். அவங்க வீட்டுல எத்தனையோ தடவை நோன்புக் கஞ்சி குடிச்சிருக்கேன்" என்றேன். குழுத் தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையசைத்தார். குறிப்பு எடுத்தவர் வேகமாக எழுதினார். நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு வெளியே வந்தேன். அவர்கள் கேட்டது நிஜாமுதீன் என்ற வேதியியல் விஞ்ஞானியைப் பற்றி. நான் சொன்னது ஷஹனாஸின் தந்தையைப் பற்றி. அவர் சவூதியில் ரொட்டி வேன் ஓட்டியவர். அவர்கள் ஒரு விஞ்ஞானியைத் தேடுகிறார்கள் என்பது அன்று அந்த அறையில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அப்படி ஒருவர் இவ்வுலகில் இல்லை என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

2. இன்று அதை நினைத்துச் சிரிக்க முடிகிறது. தங்கள் ஆணை வந்ததிலிருந்து எங்கள் அனைவருக்கும் மூச்சு சீராக வருகிறது. முதலில் அதற்காகத் தங்களுக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். இம்மனுவின் பெரும்பகுதி நன்றியே. மனக்குறை ஒன்றே ஒன்றுதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

3. நான் எழுதுவதற்கான காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். முனைவர் ஷஹனாஸ் பணியில் இருப்பவர். அவர் எதை எழுதினாலும் கல்லூரி முதல்வர் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். தவிர, அவர் இதைத் தொடரவே விரும்பவில்லை. "விடுங்க டீச்சர், லேப் சாவி திரும்பக் கைக்கு வந்துடுச்சு, எனக்கு அது போதும்" என்கிறார். எனக்குப் போதவில்லை. மேலும் நான் வெறும் அக்கறையுள்ள குடிமகள் மட்டும் அல்ல, இவ்விஷயத்தில் நேரடிச் சாட்சி. 1995ஆம் ஆண்டு பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொண்டு எம்.ஃபில். படிக்கப் போனபோது, என் மேசைக்கு அடுத்த மேசையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவர் அவர். வயதில் என்னைவிடப் பத்து ஆண்டு இளையவர். நான் பள்ளி ஆசிரியை என்பதால் அன்று தொடங்கிய 'டீச்சர்' இன்றும் மாறவில்லை. அவருடைய முதல் கட்டுரையில் என் பெயரும் இருக்கிறது. அதை இதுவரை உலகில் நான்கு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அந்த நால்வரும் நலமாக இருக்க வேண்டும் என்று ரெங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

4. மேற்கோள் என்பதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஆனால் இம்மனு பல மேசைகளைக் கடந்துதான் தங்களிடம் வரும் என்பதால், இடையில் படிப்பவர்களுக்காக ஓர் உதாரணம். சத்திரம் பேருந்து நிலையத்தில் வெளியூர்க்காரர் ஒருவருக்கு உறையூர் போக நாம் வழி சொல்கிறோம். அவர் சரியாகப் போய்ச் சேர்ந்து, அடுத்தவருக்கு வழி சொல்லும்போது, "இன்னார் சொன்ன வழி, சரியாக இருந்தது" என்று நம் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார். அதுதான் மேற்கோள். எத்தனை பேர் அப்படிச் சொல்கிறார்களோ அத்தனைக்கு அந்த வழி நல்ல வழி. விஞ்ஞானியின் மதிப்பை இன்று பெரிதும் இந்தக் கணக்கை வைத்தே அளக்கிறார்கள்.

5. ஷஹனாஸ் காட்டிய வழி எது என்பதையும் சொல்கிறேன். மருந்துப் பொருள்கள் தயாரிப்பில் நைட்ரஜன் உள்ள ஒருவகை வளையச் சேர்மம் தேவைப்படுகிறது. மூன்று பொருள்களைச் சேர்த்து அதைச் செய்வார்கள். அதற்கு ஒரு கரைப்பான் ஊற்ற வேண்டும். மூடியைத் திறந்தால் நெஞ்சை அடைக்கும், கண் எரியும். எங்கள் ஆய்வகத்தில் சன்னல் ஓரமே அந்த வேலைக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஷஹனாஸ் பிற்பாடு அதே சேர்மத்தை வெறும் தண்ணீரில் செய்து காட்டினார். புரியும்படி சொன்னால், வடையை எண்ணெயில்தான் போட வேண்டும் என்று ஊரே நம்பிக்கொண்டிருக்க, ஒருவர் அதை இட்லிப் பானையில் வைத்து, மொறுமொறுப்புக் குறையாமல் வடையாகவே எடுத்துக் கொடுத்தது போல. முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு பல நாடுகளில் செய்து பார்த்தார்கள். வந்தது. இன்றைக்கு அத்துறையில் அதற்கு ஒரு பெயரே நிலைத்துவிட்டது: நிஜாமுதீன் முறை.

6. சிக்கல் முழுவதும் இந்தப் பெயரில் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர், அவ்வளவுதான். எனவே முதல் கட்டுரைகளில் அவர் என். ஷஹனாஸ். பிறகு மேலாய்வுக்காக ஜெர்மனி போகப் பாஸ்போர்ட் எடுத்தார். அதில் முதலெழுத்துக்கு இடமில்லை, விரித்து எழுதச் சொன்னார்கள். ஷஹனாஸ் நிஜாமுதீன் ஆனார். அந்த ஊரில் கடைசியில் வருவதே ஆளின் பெயர். ஆகவே ஆய்வக வாசலில் 'டாக்டர் நிஜாமுதீன்' என்று பலகை மாட்டினார்கள், கட்டுரைகளும் எஸ். நிஜாமுதீன் என்றே வெளிவந்தன. அந்தப் பலகையைப் படம் பிடித்து அவர் சவூதியிலுள்ள தம்மாமுக்குத் தபாலில் அனுப்ப, தந்தை அதை ரொட்டி வேனின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் ஓட்டியிருக்கிறார். ஊர் திரும்பியபின் ஷஹனாஸுக்குக் கலீம் என்பவருடன் திருமணம். கல்லூரியில் சேர்ந்தபோது பதிவுகளில் கணவர் பெயரின் முதலெழுத்தைப் போட்டார்கள். கே. ஷஹனாஸ் ஆனார். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. நம் ஊரில் ஒரு பெண் படித்து, வெளிநாடு போய், திருமணம் செய்து, வேலைக்கும் போனால் இப்படித்தான் ஆகும். அந்தப் பத்திரிகைகளின் வழக்கப்படி என்னை எழுதினால் நான் பி. தங்கையன். என் தந்தை தங்கையன் வையம்பட்டிப் பக்கம் நிலக்கடலை போட்டவர். கரிம வேதியியல் கட்டுரை ஒன்று தம் பெயரில் வந்தது தெரிந்தால் முதலில் வி.ஏ.ஓ.விடம் போய் விசாரித்திருப்பார்.

7. கணினிக்கு இது தெரியாது. அதன் கண்ணுக்கு இவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள். காந்தி மார்க்கெட்டில் ஒரு வாழைத்தாரை வெட்டி மூன்று பேரிடம் சீப்புச் சீப்பாகக் கொடுத்துவிட்டு, 'இங்கே யாரிடமும் தார் இல்லையே' என்று சொல்வது போல, ஷஹனாஸின் வாழ்நாள் உழைப்பை அது மூன்றாக வெட்டிவிட்டது. அதுவரைக்கும் கூடப் பரவாயில்லை. பல ஆண்டுகளாக அவர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. சென்ற ஆண்டு ஆய்வு வழிகாட்டிகளின் மேற்கோள்களைச் சரிபார்க்கப் பல்கலைக்கழகம் ஒரு மென்பொருளை வாங்கியது. கே. ஷஹனாஸ் என்பவர் தம் கட்டுரைகள் அனைத்திலும் எஸ். நிஜாமுதீன் என்ற ஒருவரைத் தவறாமல் மேற்கோள் காட்டுகிறார், இது கூட்டு ஏற்பாடாக இருக்கலாம் என்று அது எச்சரிக்கை காட்டியது. தாம் தொடங்கிய வேலையைத் தாமே தொடரும் எவரும், எங்கே விட்டோம் என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? பாடப்புத்தகத்தின் இரண்டாம் பகுதியில் 'முதற்பகுதியில் படித்தோம்' என்று எழுதுவது போன்றதுதான் அது.

8. இதையடுத்து வந்ததே பார்வை ஒன்றில் கண்ட குறிப்பாணை. 'திரு. எஸ். நிஜாமுதீன் என்பவருக்கும் தங்களுக்கும் உள்ள தொடர்பை விளக்குக' என்று கேட்டிருந்தார்கள். ஷஹனாஸ் நேர்மையாக, இரண்டே வாக்கியத்தில் பதில் எழுதினார்: 'நிஜாமுதீன் என்பது என் தந்தையின் பெயர். அக்கட்டுரைகள் என்னுடையவை.' ஆய்வகத்தில் இருப்பவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள். மிச்சத்தை எதிரில் இருப்பவர் புரிந்துகொள்வார் என்று நினைத்துவிடுவார்கள். அலுவலகத்தில் அதைச் சுருக்கி எழுதியவர், 'மேற்படி நிஜாமுதீன் தம் தந்தையே என ஒப்புக்கொள்கிறார். தந்தையின் கட்டுரைகளைத் தம்முடையவை என்றும் கோருகிறார்' என்று எழுதிவிட்டார். உறவினருடன் கூட்டு ஏற்பாடு என்பதோடு இப்போது திருட்டும் சேர்ந்துகொண்டது. வழிகாட்டி அங்கீகாரம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆய்வேட்டை முடித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்காகக் காத்திருந்த பெலிண்டா என்ற மாணவிக்கு, கையெழுத்திட வழிகாட்டி இல்லாமல் போயிற்று. அடுத்து என்னை அழைத்துக் கேட்டார்கள். நான் நோன்புக் கஞ்சியைப் பற்றிச் சொன்னேன்.

9. இந்த இடத்தில் நிஜாமுதீன் பாயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எண்பதைத் தாண்டியவர். பாலக்கரையில் மகளுடன்தான் இருக்கிறார். வீட்டில் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கேட்டு, தம் பெயரில் ஏதோ வழக்கு என்ற அளவில் புரிந்துகொண்டு, ஒரு நாள் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்கு என்னைத் தேடி வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, நான் என்ன எழுதினேன்? லைசென்ஸ்ல கையெழுத்துப் போடவே எனக்கு ரெண்டு நிமிஷம் ஆகும்."

"நீங்க ஒண்ணும் எழுதலைங்க பாய். பேரு மட்டுந்தான் உங்களுது."

"அப்ப ஒண்ணு பண்ணலாம்மா. எல்லாம் நானே எழுதினேன்னு ஒத்துக்கிடுறேன். என்னைய என்ன பண்ணிடப் போறாங்க இந்த வயசுல? புள்ளைய விட்டுருவாங்கள்ல?"

நல்ல வேளையாக என்னிடம் வந்தார், தங்கள் அலுவலகத்துக்கு நேராக வரவில்லை. அவர் ஒப்புக்கொண்டிருந்தால் அந்தக் கோப்பில் வேறென்ன சேர்ந்திருக்குமோ தெரியாது. டீ போட்டுக் கொடுத்து, நிஜாமுதீன் முறை என்றால் என்னவென்று வடை உதாரணத்தையே சொல்லி விளக்கினேன். "அப்ப வெளிநாட்டுக்காரனெல்லாம் என் பேரைச் சொல்றானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவ பேரைச் சொன்னா நல்லாயிருக்கும்" என்றார்.

10. அக்டோபர் மாத விசாரணைக்குத் தாங்களே தலைமை ஏற்றீர்கள். அன்று நிஜாமுதீன் பாயை நாங்கள் யாரும் அழைத்து வரவில்லை. வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகத் தாமே ஆட்டோவில் வந்து இறங்கினார். ஷஹனாஸ், "அத்தா, நீங்க ஏன் வந்தீங்க?" என்று பதறியதற்கு, "என் பேரைத்தானே கேக்குறாங்க, நான் வராம?" என்றார். உள்ளே தாங்கள் அவரை உட்காரச் சொல்லி, மிக மரியாதையாக, "ஐயா, நீங்க எந்தப் பிரிவுல ஆராய்ச்சி பண்றீங்க?" என்று கேட்டீர்கள். அவர் எழுந்து நின்று, "ரொட்டி வேன் சார். தம்மாம் டூ ஜுபைல்" என்றார்.

அந்த அறையில் முதலில் சிரித்தது தாங்கள்தான், ஐயா. அதற்காகவே தங்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். பிறகு தாங்கள் குழுவினரிடம் சொன்னதையும் நான் மறக்கவில்லை: "லண்டன் ஏர்போர்ட்ல என்னை 'மிஸ்டர் பிச்சமுத்து'ன்னு கூப்பிட்டாங்க. எங்கப்பா எப்ப வந்தாருன்னு நான் திரும்பிப் பார்த்தேன்." அன்று வரை இருந்த குழப்பம் அந்த ஒரு பேச்சில் முடிந்தது. எதிரே இருந்தவர்களும் ஆளுக்கு ஒரு கதை சொல்லத் தொடங்கினார்கள். ஆகஸ்டில் குழுவுக்குத் தலைமை வகித்தவர் தம் மனைவிக்கு விசா கிடைக்கத் தாமதமான கதையைச் சொன்னார். மூன்று பெயர்களில் வெளிவந்த கட்டுரைகளையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தபோது, தங்கள் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் கரிம வேதியியலில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுபவர் அவர்தான் என்பது தெரிந்தது. மேற்கோளில் முறைகேடு என்று தொடங்கிய விசாரணை அப்படி முடிந்தது. வெளியே வந்ததும் நிஜாமுதீன் பாய், "அல்ஹம்துலில்லாஹ், பசிக்குது" என்றார். எங்கள் எல்லோருக்கும்தான் பசித்தது. பல வாரங்களுக்குப் பிறகு ஷஹனாஸ் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

11. இம்மாதம் பதினேழாம் தேதி ஆணை வந்தது. அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. சென்ற வெள்ளிக்கிழமை பெலிண்டாவின் வாய்மொழித் தேர்வும் நடந்துவிட்டது. நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். தேர்வாளர் கேட்ட கடைசிக் கேள்வி நிஜாமுதீன் முறையைப் பற்றியது. பெலிண்டா தம் வழிகாட்டியைப் பார்த்து லேசாகச் சிரித்துவிட்டுப் பதில் சொன்னார்.

12. இனி என் மனக்குறை. ஆணையின் கடைசி வரி இவ்வாறு உள்ளது: 'போதிய ஆதாரம் கிடைக்கப்பெறாத நிலையில், முனைவர் கே. ஷஹனாஸ் மீதான மேல்நடவடிக்கை தற்போதைக்குக் கைவிடப்படுகிறது.' இது வழக்கமாக எல்லா ஆணைகளிலும் வரும் வரி என்றும், யாரையும் புண்படுத்தும் நோக்கம் அதற்கு இல்லை என்றும் தங்கள் அலுவலகப் பிரிவில் அன்புடன் விளக்கினார்கள். நம்புகிறேன். ஆயினும் ஓர் உதாரணம். தேர்வு அறையில் ஒரு பிள்ளையின் கையில் காகிதம் இருப்பதைப் பார்த்துப் பிடிக்கிறோம். பிரித்துப் பார்த்தால் அவளுடைய ஹால் டிக்கெட். மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுதச் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக அவளுடைய மதிப்பெண் சான்றிதழில், 'இம்முறை பிட் எதுவும் சிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? எழுதியது பொய் இல்லை. ஆனால் அவள் போகும் இடமெல்லாம் அதுவும் கூடவே போகும்.

13. பேராசிரியர் பதவி உயர்வுக்கான தேர்வுக் குழு வரும் ஜனவரியில் கூடுகிறது. அதில் வெளியூர் வல்லுநர்கள் அமர்வார்கள். அக்டோபரில் தாங்கள் சிரித்ததை அவர்கள் கேட்டிருக்கப் போவதில்லை. கோப்பில் இருக்கும் இந்த ஒரு வரியைத்தான் படிப்பார்கள். ஷஹனாஸ் இதைப் பற்றிப் பேசமாட்டார் என்று முன்பே சொன்னேன். ஆனால் அவர் தந்தை பேசினார். ஆணையை வரிவரியாகப் படித்துக்காட்டச் சொன்னார், படித்தேன். கடைசி வரி வந்ததும் கேட்டார்: "தற்போதைக்குன்னா, அப்புறம் திரும்ப வருவாங்களா டீச்சரம்மா?"

நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். தங்களைக் கேட்காமல் தங்கள் சார்பில் சொல்லிவிட்டேன். அதை உண்மையாக்கித் தருமாறு கேட்பதே இம்மனு.

14. ஆகவே, மேற்கண்ட கடைசி வரியை நீக்கிவிட்டு, என். ஷஹனாஸ், எஸ். நிஜாமுதீன், கே. ஷஹனாஸ் ஆகிய மூவரும் ஒருவரே என்பதும், அவர் மீதான குற்றச்சாட்டுக்கு அடிப்படை ஏதும் இல்லை என்பதும் விளங்கும்படி ஒரு திருத்த ஆணையை, தேர்வுக் குழு கூடும் முன்பாக வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பல்கலைக்கழக இணையப் பக்கத்தில் அவருடைய கட்டுரைகளை ஒரே பெயரின் கீழ்ச் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. வழிகாட்டிகள் நிரப்பும் படிவத்தில் 'இதற்கு முன் கட்டுரைகள் வெளிவந்த பெயர்கள்' என்று ஓர் இடம் விட்டால், அடுத்து யாருடைய தந்தையும் ஆட்டோ பிடித்து வர வேண்டியிருக்காது. மற்றவை தங்கள் விருப்பம். எனக்கு அந்த ஒரு வரி மாறினால் போதும்.

15. இதற்குத் தாங்கள் மறுப்புச் சொல்லமாட்டீர்கள் என்றே நம்புகிறேன். ஒருவேளை அந்த வரி அப்படியே இருக்கட்டும், அதில் பாதகமில்லை என்று தோன்றினால், ஒன்று மட்டும் செய்து பாருங்கள், ஐயா: அதில் முனைவர் ஷஹனாஸின் பெயர் உள்ள இடத்தில் தங்கள் பெயரை வைத்து, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

தங்கள் நல்ல மனத்தை நேரில் கண்டவள்,

த. பிரேமலதா

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 24.11.2025